மொட்டைக்கு முன் எடுத்த படம்

பாவா,

இன்று காலை ஒரு குடும்பமே மொட்டை போட்டு, தலைநிறையச் சந்தனம் பூசிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

உலகச் சண்டை முடிந்த சமயம். பினாங்குக்குக் கைலி விற்கப் போன என் அண்ணன் அங்கே படுத்த படுக்கையாகக் கிடக்கிறான், யாராவது போய்க் கூட்டிவாருங்கள் என்று அங்கிருந்து திரும்பிய ஒருவர் வந்து சொன்னார். நான் போகிறேன் என்றேன். "உனுக்கு இன்னாடா தெரியும் கப்பலப் பத்தி? நானு கொயும்பு பாத்தவன்" என்றீர்கள். கொழும்பில் நீங்கள் பார்த்தது உங்கள் சித்தப்பாவின் துணிக்கடையை மட்டும்தான். ஆனாலும் அக்கா புருஷனாயிற்றே, விட்டுக்கொடுத்தேன்.

பிறகு ஆரம்பித்தது உங்கள் பிரயாணத் திட்டம். நான் உட்கார்ந்து நெய்கிற தறிக்குழி ஓரத்தில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, இது இலங்கை என்றீர்கள். எட்டத்தில் வெற்றிலைப் பெட்டியை வைத்து, அது பினாங்கு. என் தறியில் குறுக்கே நூல் ஓட்டுகிற நாடாதான் கப்பல். தினமும் அதை இங்கிருந்து அங்கே ஓட்டிக் காட்டினீர்கள், வேலையற்றவர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். ஊரில் மற்றவர்கள் மெட்ராஸில் ஏறி நேராகப் பினாங்கில் இறங்குவார்கள். உங்களுக்கு அது போதாது. "மெட்ராஸ் கப்பல்ல ஒரே கும்பல். தீவுல ஏறி தீவுல எறங்கணும், அதாண்டா சொகுசு." அண்ணன் அங்கே இருமிக்கொண்டு கிடந்தான்.

பர்மிட்டுக்காக அரக்கோணம் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். வழித்து வாரிய கிராப்பு, முறுக்கிய மீசை. புறப்படுவதற்கு முதல் நாள் கடல்பயம் பிடித்துக்கொண்டது. மலையேறிப் போய் முடி, மீசை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தீர்கள். "வந்து குடுக்கற முடிய மின்னாடியே குத்துட்டேன். இனிமே முருகன் என்னக் கொண்டாந்து சேத்துத்தான ஆவணும்?" முருகனையே மடக்கிவிட்டதாக நினைப்பு!

கொழும்புத் துறைமுக அதிகாரி படத்தைப் பார்த்தார், மொட்டையைப் பார்த்தார், இது நீ இல்லை என்று சொல்லிவிட்டார். கப்பல் போய்விட்டது. திரும்பி வந்து, "முடி வளரட்டும், அடுத்த கப்பல்ல போறேன்" என்றீர்கள், கொஞ்சமும் வெட்கமில்லாமல். நான் போகிறேனே என்றால், பர்மிட்டு உங்கள் பேரில் இருந்தது.

கிராப்பு சீப்பில் நிற்கிற அளவுக்கு வளர்ந்தபோது, அண்ணன் செத்த தந்தி வந்தது. குளக்கரையில் எனக்கு மொட்டை அடித்தார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று என் தலையைத் தடவிக்கொண்டே, "எல்லாம் அவன் எயுத்து" என்றீர்கள். அன்று உங்களை அடிக்காமல் விட்டது அக்கா முகத்துக்காக.

இப்போது நீங்களும் இல்லை. உங்களுக்கு வேறு படம் கிடையாது என்பதால் அந்தப் பர்மிட்டுப் படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள் அக்கா. "அப்டியே அவரே வந்து நிக்கற மாரி கீதுபா" என்கிறார்கள் வருகிறவர்கள்.

அண்ணனுக்குப் படமே இல்லை. பினாங்கில் அவனை எரித்தார்களா, புதைத்தார்களா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. அக்கா உங்களுக்குப் பூ வைக்கிறபோது நானும் எழுந்து நின்று கும்பிடுகிறேன். பக்கத்தில் இருக்கிற வெறும் சுவரை.