ஹாரன் அடிக்கக் கூடாத தெரு

13 ஜனவரி 2025, திங்கள்

காலையிலிருந்து ஹாரன். தலை இடிக்கிறது. எங்கள் கஃபேட்டீரியா வாசலில் கார் வந்து நிற்கும். ஹாரன் அடிப்பார்கள். கண்ணாடி கொஞ்சம் இறங்கும், உள்ளேயிருந்து இரண்டு விரல் தெரியும். இரண்டு கரக் டீ என்று அர்த்தம். கடையில் வேலை பார்க்கும் சோலையப்பன் தட்டோடு ஓடுவான். துபாயில் இந்தச் சத்வாவுக்கு வந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன், இன்னும் எனக்குப் பழகவில்லை. காருக்கும் கடைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது? இறங்கி வந்தால் கால் தேய்ந்துவிடுமா? ஒரு டீக்கு ராஜ உபசாரம் கேட்கிறது.

என் வீட்டுக்காரருக்கு எதுவும் உறைக்காது. "அவங்க ஹாரன் அடிக்கலேன்னாதான் பாஹிமா நாம கவலப்படணும்" என்கிறார். செய்கு அலாவுதீன் அவர்களே சொல்லிவிட்டார்!

மாலையில் கட்டடக் கம்பெனியிலிருந்து நோட்டீஸ். எங்கள் கடை வரிசையையும் முன்னால் உள்ள பாதையையும் புதுப்பிக்கப் போகிறார்களாம். அதற்குக் கடைக்காரர்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம். கருத்து! வாடகையை ஏற்றும்போது எங்கே போயிருந்தது இந்தக் கருத்து?

21 ஜனவரி

கூட்டம் நடந்தது. கூட்டம் என்றா சொல்வது? கூத்து.

கம்பெனி ஒரு நிபுணரைக் கூட்டி வந்திருந்தது. பெயர் டக்லஸ், ஸ்காட்லாந்துக்காரர். அங்கே ஒரு சின்ன ஊரின் கடைவீதியைப் புதுப்பித்தவராம். படம் போட்டுக் காட்டினார். நனைந்த கல் பாவிய தெரு, பூந்தொட்டிகள், பெஞ்சுகள். மேலே ஒரே மேகம். மருந்துக்குக்கூட ஒரு மனுஷர் இல்லை. அதுதான் எங்கள் தெருவுக்கு முன்மாதிரி.

அவர் சொன்னதைத் தமிழில் சொல்ல சங்கீதா என்று ஒரு பெண், துபாயிலேயே பிறந்து வளர்ந்தவள். "இனிமே கார் உள்ள வராது ஆன்ட்டி. பீப்பிள் நடந்து வந்து, உட்கார்ந்து, டீ குடிச்சு, பேசிட்டு இருப்பாங்க. ரொம்ப லைவ்லியா இருக்கும்." ஜனவரி மாதக் காற்றில் ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்து கேட்டால் யாருக்கும் நடக்கலாம் என்றுதான் தோன்றும். இதே கூட்டத்தை ஜூலையில் வைக்கட்டுமே!

எங்கள் ஆட்களைச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் எங்கள் கடையில் டீ குடித்தபோது எல்லாரும் புலிகள். கார் வராவிட்டால் பிழைப்பு போச்சு, விடக் கூடாது, கேட்டே ஆகணும். டை கட்டியவரைக் கண்டதும் பூனைகள். தையல்கடைக்காரர் எழுந்தார்: "வெரி குட் சார்." லேஸ் கடை: "வெரி நைஸ் சார்." ஆபீசர் என்று ஒருவர் முன்னால் நின்றாலே விசா ஞாபகம் வந்து தலை தானாக ஆடிவிடுகிறது. என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். எல்லாருக்கும் சமோசாத் தட்டை நீட்டிவிட்டு, "நோ ப்ராப்ளம் சார், எவரிதிங் குட்" என்று பல்லைக் காட்டினார்.

ஆளுக்கொரு மஞ்சள் துண்டுத்தாள் கொடுத்து ஆசையை எழுதச் சொன்னார்கள். நான் எழுதினேன்: "கார் வராவிட்டால் டீ விற்காது." சங்கீதா வாங்கிப் பார்த்தாள். "ஸாரி ஆன்ட்டி, தமிழ் பேசுவேன், படிக்க வராது." பலகையில் தலைகீழாக ஒட்டினாள். வாயாலும் சொன்னேன். அவள் டக்லஸிடம் ஏதோ முணுமுணுத்தாள், அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அவ்வளவுதான் என் கருத்து.

9 பிப்ரவரி

தெரு முழுக்கத் தகரம் அடித்து அதில் பெரிய பெரிய படங்கள். எங்கள் கடைக்கு நேர் எதிரே, இரண்டு ஆள் உயரத்துக்கு, என் வீட்டுக்காரரின் சிரிப்பு! கையில் சமோசாத் தட்டு. கீழே ஆங்கிலத்தில்: எங்கள் தெரு, எங்கள் கனவு.

"பாத்தியா, நல்லா விழுந்திருக்கேன்ல?" என்கிறார்.

என்ன சொல்ல? "மச்சான், கடைய மூடினப்புறம் இத எடுத்துட்டுப் போய் ஊர்ல வீட்டு வாசல்ல மாட்டுங்க" என்றேன். சிரித்தார். அவருக்கு எல்லாம் சிரிப்புதான்.

6 மார்ச்

நோன்பு நேரம். பகலெல்லாம் தோண்டுகிறார்கள். பாத்திரம், மாவு, என் முக்காடு எல்லாவற்றிலும் புழுதி.

19 ஏப்ரல்

திறந்தாயிற்று. ரிப்பன், கைதட்டல், இரும்புப் பெஞ்சுகள். தெரு முனையில் காரை மறிக்க ஆள் உயரச் சிமென்ட் பூந்தொட்டிகள். பக்கத்திலேயே பலகை: ஹாரன் அடிக்கக் கூடாது. நான் ஆசைப்பட்டது இந்த ஒன்றுதான், அதுவும் இப்படியா வர வேண்டும்?

இன்று கூட்டம் இருந்தது. நாளை பார்ப்போம்.

11 ஜூன்

பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒரு பூனை. அதுவும் பெஞ்சுக்கு அடியில்.

கார்கள் தொட்டிக்கு அந்தப் பக்கம் மெயின் ரோட்டில் நின்று போன் பண்ணுகின்றன. சோலையப்பன் அந்தக் கொதிக்கும் கல்லில் தட்டோடு போய் வருகிறான். போய்ச் சேர்வதற்குள் பின்னால் உள்ள வண்டிகள் அவசரப்படுத்த, டீ சொன்ன கார் போய்விடுகிறது. திரும்பக் கொண்டு வருகிறான். இன்று சட்டை முழுக்க உப்புப் பூத்துக் கல்லாப் பக்கம் வந்து நின்றான். "அக்கா, அடுத்த தெருக் கடையில வண்டி வரிசையா நிக்கிது. நம்ம ஆளுங்கதான். என்னயப் பாத்துட்டுக் கண்ணாடிய ஏத்திக்கிட்டாங்க."

வருஷக்கணக்காக இவனை ஓட ஓட விரட்டியவர்கள், கண்ணைப் பார்க்க வெட்கப்படுகிறார்களாம். சந்தோஷம்.

29 ஜூன்

இரவு கடை அடைக்கும்போது இவர் சோலையப்பனிடம், "லீவுல போயிட்டு வாயேன். நான் கூப்பிடுறேன்" என்றார்.

போன மாசம் ஊருக்குப் போய் வந்தவனுக்கு எதுக்கு லீவு? இந்த ஊரில் இப்படித்தான். வேலை இல்லை என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், லீவு என்பார்கள். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். அவன் "சரி மொதலாளி" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைத்தான். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தான்.

சிவகங்கைப் பக்கம் பொண்டாட்டி நாகவள்ளியும் இரண்டு பிள்ளைகளும் இவனை நம்பி இருக்கிறார்கள். தகரத்தில் சிரித்த வாய்க்கு இதைச் சொல்ல எப்படித்தான் மனசு வந்ததோ! கேட்டேன். போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுதாரா? கேட்கவில்லை நான்.

8 ஜூலை

சோலையப்பன் ஊருக்குப் போகவில்லை. இங்கேயே அல் குசைஸில் தெரிந்தவர் கடையில் இவரே பேசி விசாவை மாற்றிக் கொடுத்திருக்கிறார். எனக்கு இன்றுதான் தெரியும். "ஏன் சொல்லல?" என்றால், "நீ திட்டுவே" என்கிறார். நான் எதற்குத் திட்டுவேன்? திட்டினேன்தான்.

இப்போது கடையில் நாங்கள் இருவர் மட்டும். செப்டம்பர் வரை பார்ப்போம், அப்புறம் கலாஸ், எல்லாம் முடிந்தது, ஊருக்கு, கீழக்கரைக்கே போய்விடுவோம் என்கிறார். போய்?

24 ஜூலை

இன்று எழுதியே ஆக வேண்டும்.

மத்தியானம் சங்கீதா போன் பண்ணினாள். "ஆன்ட்டி, தெருவுக்கு ஏதோ அவார்டாம், டக்லஸ் சார் போட்டோ எடுக்க வந்திருக்காங்க. ரோட்டு முனைல கார்ல இருக்கோம். டூ கரக் அனுப்புறீங்களா? வெளிய இறங்கவே முடியல, அவ்ளோ ஹாட்."

போனைக் காதில் இடுக்கிக்கொண்டே இரண்டு கரக் ஊற்றினேன். பிறகு, "பெஞ்சுல வெச்சிருக்கேன்மா. நடந்து வந்து, உட்கார்ந்து, பேசிக்கிட்டே குடிக்கச் சொல்லு" என்றேன். வைத்தும் விட்டேன். நடு வெயிலில், நடு பெஞ்சில்.

இவர் கையைப் பிசைகிறார். "பாஹிமா, கம்பெனி ஆளுடி!" நான் வாசலை விட்டு நகரவில்லை.

வந்தார்கள். பாதி வழியிலேயே டக்லஸின் முகம் இறால் நிறத்துக்கு மாறிவிட்டது. அவரே வரைந்த பெஞ்சில் அவரே உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். எனக்கு அடக்க முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். சங்கீதா சொன்னாள்: "அந்தப் படத்துல இருந்தது சாரோட சொந்த ஊராம் ஆன்ட்டி. அங்கயும் பாதிக் கடை மூடிட்டாங்களாம். கார்ல வர்றவங்க எல்லாம் ஊருக்கு வெளிய பெரிய கடைக்குப் போயிட்டாங்களாம். பெஞ்சு மட்டும் நல்லா இருக்காம்."

"அது தெரிஞ்சுக்கிட்டுமா இங்க வந்து போட்டாரு? கேளு."

அவள் தயங்கினாள். "கேளுன்னா கேளு!"

கேட்டாள். டக்லஸ் "எஸ், மேடம்" என்று தலையாட்டினார். அன்றைக்குக் கூட்டத்தில் எங்கள் ஆட்கள் ஆட்டியது போலவே. அவருக்கும் மேலே ஒரு கம்பெனி இருக்கிறது போலிருக்கிறது. பாவம் என்று நினைக்கப் பார்த்தேன், வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். டீயைக் கடைசிவரை குடித்துவிட்டுத்தான் போனார்.

18 ஆகஸ்ட்

லேஸ் கடை காலி.

15 செப்டம்பர்

காலையில் கிரேன் வந்து தெரு முனைத் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனது. கடைகளுக்கு முன்னால் ஒரு வரிசை கார் நிற்கலாமாம். கடைகள் காலியாவதைப் பார்த்து வாடகை ஞாபகம் வந்ததோ, டக்லஸ் போய்ச் சொன்னாரோ. புதிதாக ஒரு பேனர்: உங்கள் குரலைக் கேட்டோம். எப்போது கேட்டார்கள்? தலைகீழாக வைத்துப் படித்திருப்பார்கள்.

தையல்கடைக்காரர் வந்து, "நாங்க அன்னிக்கே சொன்னோம்ல ராத்தா" என்றார். சொன்னாராம்! சுடச்சுட ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது. டீயைக் கொடுத்து அனுப்பினேன்.

இவர் சோலையப்பனுக்குப் போன் போட்டார். அவன் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டான், உடனே வர முடியாது. "பரவாயில்லப்பா, நல்லாயிரு" என்று வைத்தார்.

2 அக்டோபர்

பகல். இவர் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்.

வாசலில் ஹாரன். விடாமல் அடிக்கிறார்கள். பலகை அப்படியேதான் இருக்கிறது, கண் தெரியவில்லையா? திட்டுவதற்கென்றே இறங்கிப் போனேன். சாமான் ஏற்றும் ஒரு வேன், மேலே அல் குசைஸ் கடை ஒன்றின் பெயர். டிரைவருக்குப் பக்கத்தில், வேறு கடைச் சட்டையில், சோலையப்பன்.

எனக்கு அந்தச் சட்டையைத்தான் முதலில் கிழிக்கத் தோன்றியது.

அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நான் அடிக்கலக்கா, இவன்தான். இந்தப் பக்கம் லோடு எறக்க வந்தோம். ரெண்டு கரக் கெடைக்குமா?" சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தான். "நானே வந்து வாங்கிக்கிறேன்."

"உள்ள உட்காரு. வெயிலா இருக்கு" என்றேன்.

தட்டில் வைத்து நானே கொண்டு போய்க் கொடுத்தேன். அவன் தலை குனிந்து வாங்கிக்கொண்டான். திரும்பி வருவதற்குள் பின்னால் இன்னொரு கார் ஹாரன் அடித்தது. மூன்று விரல்.