படிகாரம் போட்ட தண்ணீர்

5 நவம்பர் 1968, செவ்வாய்

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஞாயிறன்று, மழையில் கலங்கிய கிணற்றுத் தண்ணீர்க் குடத்தில், அப்பா சாயப்பட்டறையிலிருந்து கொண்டுவந்த படிகாரத்தைச் சுழற்றினேன். அறிவியல் புத்தகத்தில் போட்டிருந்தபடியே சேறு பஞ்சுபோல் திரண்டு அடியில் இறங்கியது.

"காய்ச்ச வேணாம்மா, கண்ணாடி மாதிரி இருக்குது பாரு."

"சரிங்க டீச்சரம்மா," என்று சிரித்து, அம்மா அதையே தங்கை மல்லிகாவுக்குக் கொடுத்தாள்.

நேற்றிலிருந்து மல்லிகாவுக்கு வாந்தி, பேதி. சுண்டல் வாங்கித் தந்ததால்தான் என்று அப்பாவை அம்மா திட்டுகிறாள். நான் வாய் திறக்கவில்லை. இன்றுதான் பாடத்தின் அடுத்த பக்கத்தைப் படித்தேன். தெளிந்த தண்ணீரிலும் கிருமிகள் மிஞ்சுமாம். காய்ச்சித்தான் குடிக்க வேண்டுமாம்.

சற்றுமுன் மல்லிகா கண் திறந்தாள். "நீ பண்ண தண்ணி குடுக்கா." காய்ச்சியதைக் கொடுத்தேன். "இது இல்ல," என்று துப்பிவிட்டாள்.

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள். மல்லிகாவின் மூச்சைக் கேட்டபடி இருட்டில் எழுதுகிறேன்.