அஞ்சலை பாட்டுக்கு முதல் இடம்

1971 ஜனவரி 9, சனி

பனி. பத்து மணி வரை வெயில் இல்லை.

பாகூர் வாசகசாலைக்காரர்கள் கேட்ட வரிசை முடிந்தது. போன பத்து வருஷத்தில் நம் பக்கம் கட்டிய நாட்டுப் பாட்டுகளில் சிறந்தவை ஐந்து. காணும் பொங்கலன்று மேடையில் பாட வேண்டும்; கூட்டம் ஒப்புக்கொண்டால் பலகையில் எழுதுவார்கள். நான் பார்த்தவை: சொல், மூச்சு, கூடப் பாடுகிறவர்கள் சேர்வது. நான் படித்த கான்வென்டில் பாட்டு சொல்லித்தந்த மதர் மூச்சைத்தான் முதலில் பார்ப்பார்.

1. சோரியாங்குப்பம் அஞ்சலையின் நடவுப் பாட்டு. வெள்ளம் வந்த வருஷம் கட்டியது.
2. பிள்ளைச்சாவடி, வலை இழுக்கும் பாட்டு.
3. காட்டேரிக்குப்பம் தாலாட்டு. குழந்தை நிஜமாகவே தூங்கியது.
4. மோட்டார் பம்பைக் கேலி செய்யும் ஏற்றப் பாட்டு.
5. கோ.வின் (கோவிந்தசாமி, மளிகைக்கடை, வாசகசாலைத் தலைவர்) நாடகக் கோஷ்டிப் பாட்டு. ஆர்மோனியத்துக்கு மார்க் இல்லை.

ஜன. 11, திங்கள்

கோ. வந்தார். காபியைத் தொடவில்லை.

"இன்னா மதாம், சேத்துல பாடுறது ஒண்ணாவது, மேடையில பாடுறது அஞ்சாவதா?"

"ஆமாம்."

"மேடையில அது எடுபடாது. ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா என் வரிசையக் கிழிச்சிப் போடுங்க. இனிமே எதுக்கும் என்னைக் கூப்பிட வேணாம்."

சொல்லியாயிற்று. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால் மேசைக்கடியில் என் காலைத் தட்டியிருப்பார்.

ஏலக்காய் வாங்க. மண்ணெண்ணெயும்.

ஜன. 13, புதன்

நம் வயலில் நடவு. வரப்பில் போனேன். அஞ்சலை என் காலடியில் நாற்று முடியை வைத்து வழி மறித்தாள். வழக்கம்தான். காசு கொடுக்காமல் யாரும் நகர முடியாது. கொடுத்தேன். வெள்ளப் பாட்டை மறுபடி கேட்டேன். முதல் இடம்தான், சந்தேகமில்லை.

ஜன. 16, சனி. காணும் பொங்கல்

அஞ்சலையும் ஆறு பெண்களும் புதுப்புடவையில் மைக் முன் நிமிர்ந்து நின்றார்கள். இரண்டாவது அடியிலேயே தாளம் தப்பியது. ஒருத்தி முந்தி, ஒருத்தி பிந்தி. மூச்சு எங்கேயோ. கூட்டம் சிரித்தது. கோ. முன்வரிசையில் துண்டை அழகாக மடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு புரிந்தது. அது குனிந்து கட்டிய பாட்டு. நிமிர்ந்தால் மூச்சின் அளவே வேறு. எழுந்தேன்.

"மைக்கைத் தரைக்கு எறக்குங்க. அஞ்சல, குனிடி."

"மேடையிலயா பெரிம்மா? வெக்கமா இருக்குது."

"வயல்ல வெக்கப்பட்டியா? குனி."

மேடைக்குப் பின்னாலேயே வயல். நாற்று முடிகள் வந்தன. ஏழு பேரும் குனிந்து, மேடைப் பலகையில் நாற்று ஊன்றுவது போல் கையை வைத்து, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தார்கள். பாட்டு வந்தது. முழுசாக வந்தது. வெள்ளம் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், கீழே இருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

முடிந்ததும் அஞ்சலை இறங்கிப் போய் கோ.வின் காலடியில் நாற்று முடியை வைத்தாள். அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. ரூபாயைக் கொடுத்த பிறகுதான் சுற்றிப் பார்த்தார்.

பின்னாலிருந்து ஒருவன்: "இன்னா தலைவரே, எடுபடலியா?"

வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஜன. 17, ஞாயிறு

நல்ல வெயில். வாசகசாலைப் பலகையில் வரிசை ஏறிவிட்டது. நேரில் போய்ப் பார்த்தேன். எழுத்து சுமார்.

கோ. ஆள் அனுப்பிக் கேட்டார்: ஐந்தாவதை நான்காவதாக்கலாமா?

முடியாது.