பெஹாலா வண்டியின் கழுத்துச் சிவப்பு

இன்று காலை கடுகெண்ணெயின் காரம் மூக்கில் ஏறியதும் உம் ஞாபகம் வந்துவிட்டது. சின்னக் கிண்ணத்தில் சிந்தூரத்தைக் கொட்டி எண்ணெய் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தேன். இன்று விஸ்வகர்மா பூஜை, இந்த ஊரில் வண்டிகளுக்கும் கருவிகளுக்குமான நாள். கல்கத்தா பாலிகஞ்சில் எங்கள் குடியிருப்புக்கு மேலே பட்டங்கள் ஏறத் தொடங்கிவிட்டன. தெருவில் டிரைவர்கள் டாக்சிகளுக்கு மாலை போட்டு, முகப்பில் சிவப்பு இட்டுக்கொண்டிருக்கிறார்கள். கீழே கார் நிறுத்தும் இடத்தின் மூலையில் உம் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. நீர் இல்லாமல் அது பார்க்கும் முதல் பூஜை இது.

போன வாரம் ஒருவர் வந்தார். பழைய வண்டிகள் வாங்கிச் சேர்க்கிறவர். உம் மனைவி இதை என்னிடம் கொடுத்துவிட்டதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். விற்பதற்கில்லை என்றேன். பார்த்துவிட்டாவது போகிறேன் என்றார். வண்டியைச் சுற்றி வந்தவர் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹேண்டில் பாருக்குக் கீழே, கழுத்தில் இருக்கும் அந்தச் சிவப்பு மேட்டில் வைத்தார். காந்தம் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. உள்ளே வெல்டிங் ஒட்டு இருக்கும், மேலே புட்டிப் பசையை அப்பி மறைத்திருக்கிறார்கள் என்றார். அதே இடம், அதே கருவி, அதே தீர்ப்பு. நீர் இருந்திருந்தால் அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்திருப்பீர்.

உமக்குப் பிழைப்பே சந்தேகப்படுவதுதான். இன்ஷூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, எது விபத்தில் நசுங்கியது, எது பணத்துக்காக நசுக்கியது என்று எழுதித் தருகிறவர். கல்கத்தாவில் நீர் தடவிப் பார்க்காத பம்பர் இல்லை. ஆனால் சொந்தமாக ஒரு ஸ்கூட்டர்கூட வைத்துக்கொண்டதில்லை. மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் வருவீர். எந்த வண்டியைக் காட்டினாலும் அதில் ஒரு குற்றம் உம் கண்ணில் பட்டுவிடும். குற்றம் பட்ட பிறகு வாங்க மனம் வராது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காளிகாட்டில் நாம் வழக்கமாகச் சாப்பிடும் இட்லிக் கடையில் அந்த விளம்பரத்தைக் காட்டினேன். போர்க்கால மோட்டார் சைக்கிள், ஒரே கையில் இருந்தது, அசல், இடம் பெஹாலா. நீர் தட்டிலிருந்து தலையை எடுக்காமல், “அசல்னு அவனே சொல்லுதான்னா நல்லாப் பாக்கணும்வே” என்றீர். பிறகு சாம்பார்க் கையோடு பத்திரிகையை உம் பக்கம் இழுத்துக்கொண்டீர். உமக்கு அந்த வண்டியின்மேல் ஆசை வந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

நாம் பெஹாலா போனது விஸ்வகர்மா பூஜையன்று. எனக்கு விடுமுறை கிடைத்த நாள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் பிப்ரவரியில் காலமாகியிருந்தார். அவர் மனைவியை மாஷிமா என்று கூப்பிட்டோம். அங்கே வயதான பெண்மணியை வேறு எப்படிக் கூப்பிடுவது. வெள்ளைப் புடவை, காதில் சரியாக நிற்காத மூக்குக் கண்ணாடி. வண்டி முற்றத்தில் தென்னைக்கடியில் நின்றது. பக்கத்தில் மருமகர் நின்றார். வீட்டில் எல்லோருக்கும் அவர் ஜாமாய்பாபு. நமக்கும் அப்படியே ஆகிப்போனார்.

பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் முதல் நாளே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு வண்டிகளை வெட்டி ஒட்டியது, எடைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன், நாளை மத்தியானம் ஏற்றிப்போக வண்டி கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருந்தார். ஜாமாய்பாபுவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

“எங்க மாமனார் குல்பாஜ் சார். கதை அளக்குறதுன்னா சோறு தண்ணி வேண்டாம்” என்றார். ராணுவம் ஏலம் விட்டபோது நேரே போய் எடுத்தது, அன்று எடுத்த வண்டியின் இரும்புச் சட்டம் அப்படியே இருக்கிறது என்று கல்யாணப் பந்தியில் எல்லாம் சொல்வாராம். சட்டத்தில் அடித்த ஆறு இலக்க எண்ணைக்கூட வங்காளியில் மந்திரம் மாதிரிச் சொல்வாராம். அவர் கை கழுவப் போனதும், மிச்சப் பேர் அதே ராகத்தில் சொல்லிச் சிரிப்பார்களாம். ஜாமாய்பாபு நமக்கும் பாடிக் காட்டினார்: “பாஞ்ச், ஏக், நொய். ஷாத், ஷாத், தீன்.”

மாஷிமா சிரிக்கவில்லை. உம்மைப் பார்த்துத்தான் சொன்னார். “விக்கிறது பிறகு இருக்கட்டும் பாபா. அவர் சொன்னது பொய்யா நிஜமா, அதை மட்டும் பாத்துச் சொல்லு. நான் அம்பது வருஷம் அந்தக் கதையைக் கேட்டவ.”

நீர் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினீர். எஞ்சினின் வார்ப்பைத் தடவினீர். போல்ட்டுகளின் மரையைப் பார்த்தீர். டூல் பெட்டியைத் திறந்து, வெயிலே படாத உள்மூலையில் பழைய ராணுவப் பச்சை இருப்பதை டார்ச் அடித்து எனக்குக் காட்டினீர். உம் காதுகள் சிவந்திருந்தன. பிறகு நூலில் கட்டிய காந்தத்தை எடுத்தீர். டேங்கில் பிடித்தது. மட்கார்டில் பிடித்தது. கழுத்தில் வைத்தபோது விழுந்தது. இன்னொரு முறை வைத்தீர். விழுந்தது. எண் இருக்க வேண்டிய இடம் அதுதான். விரல் தடிமனுக்கு ஒரு சிவப்பு மேடு அதை மூடியிருந்தது.

நீர் எழுந்து என்னிடம் தமிழில் சொன்னீர். “சோலி முடிஞ்சிட்டுவே. கழுத்துல ஒட்டு இருக்கு. புட்டிய அப்பி மேல ரெட் ஆக்சைடு பெயின்ட் அடிச்சிருக்கான்.”

மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது. உம் முகத்தைப் பார்த்தார். உள்ளே போனார். நீர் சட்டையைப் போட்டுக்கொண்டீர். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தீர்.

திரும்பி வந்தபோது மாஷிமாவின் கையில் ஒரு தட்டு இருந்தது. அதில் நாலு செம்பருத்தி, ஒரு கிண்ணம். வருஷா வருஷம் இன்று வண்டிக்கு அவர்தான் சிந்தூரம் வைப்பார், அவர் போன பிறகு நான் சிந்தூரத்தைத் தொடக் கூடாது, மருமகன் மாட்டேன் என்கிறான், நீ வைத்துவிட்டுப் போகிறாயா என்று கேட்டார். மத்தியானம் எடைக்குப் போகிற வண்டிக்கு எதற்குப் பூஜை என்றார் ஜாமாய்பாபு.

நீர் செருப்பைக் கழற்றினீர். கட்டைவிரலைக் கிண்ணத்தில் தோய்த்து, எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டீர்.

“அவர் வெச்ச இடத்துலதான். அதோ, சிவப்பா இருக்கே.”

குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டீர். கட்டைவிரலை மோந்தீர். பிறகு வண்டியின் கழுத்தில் மூக்கை வைத்து, மீன்கூடைக்கு வந்த பூனை மாதிரி மோந்தீர். நானும் மோந்து பார்த்தேன். பெயின்ட் வாசனை துளிகூட இல்லை. சிக்குவாடை அடிக்கும் கடுகெண்ணெய்.

“மாஷிமா, புதுசா வைக்கறதுக்கு முன்னாடி பழசைத் துடைப்பாரா?”

“துடைக்கறதா? சாமிக்கு வெச்சதை யாராவது துடைப்பாங்களா?”

நீர் என் பக்கம் திரும்பினீர். “நாம மடையனுங்கவே. நம்ம ஊர்ல ஆயுத பூஜைக்கு வண்டியக் கழுவித் தொடச்சிட்டுல்லா பொட்டு வைப்போம். இவுக அது மேலயே வச்சிக்கிட்டு வந்திருக்காவ. இது புட்டி இல்லவே. பூஜை.”

சந்தனம் குங்குமம் என்றால் அடுத்த மழையில் போய்விடும். எண்ணெய்ச் சிந்தூரம் போகாது. தூசியைப் பிடித்து, இறுகி, அடுத்த வருஷத்துக்குப் படுக்கையாகக் கிடக்கும். இங்கே வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கடைக்காரர் வண்டியை உடைத்து விற்கவே பார்த்தார், ஜாமாய்பாபு மாமனாரை நம்பவில்லை, நாம் திருநெல்வேலிக்காரர்கள்.

ஆனால் உள்ளே எண் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் அதைக் கரைக்க வேண்டும். அந்த மேடு முழுதும் இறந்துபோனவரின் கைபட்டது. நீர் அதை மாஷிமாவிடம் வங்காளியில் தட்டுத்தடுமாறிச் சொன்னீர். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, பாதியை எடு, பாதியை விட்டுவிடு என்றார். மருமகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஒரு ஓரத்திலிருந்து தொடங்கினீர். நகத்தால்தான் எடுத்தீர், கத்தி கூடாது என்றீர். சிவப்பு, அடியில் கறுப்பு, மறுபடி சிவப்பு. கடைசியில் பச்சை தெரிந்தது. டூல் பெட்டிக்குள் பார்த்த அதே பச்சை, அரம் படாமல், சூடு படாமல். அதில் ஆழமாக அடித்த ஒரு இலக்கம், பள்ளத்தில் சிந்தூரம் நிரம்பி அச்சடித்தது மாதிரி நின்றது. ஐந்து.

“பாஞ்ச்” என்றார் ஜாமாய்பாபு. ராகம் இல்லாமல் சொன்னார்.

அடுத்தது ஒன்று. அடுத்தது ஒன்பது. அத்தோடு பாதி முடிந்தது. நீர் துணியைக் கீழே வைத்துவிட்டீர். மூடியிருந்த மீதிப் பாதியை, ஏழு ஏழு மூன்றை, ஜாமாய்பாபு தானாகவே சொன்னார். ஷாத், ஷாத், தீன். சொல்லிவிட்டு அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாஷிமா அவரைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். “இனிமே பந்தியில நீ சொல்லணும்.”

மத்தியானம் கடைக்காரர் வந்தபோது நீர் வண்டியின்மேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தீர். எண்ணைப் பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது. அசல்தான், இப்போதே நல்ல விலை தருகிறேன் என்றார். மாஷிமா அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தார். வண்டியை உமக்குத்தான் தருவேன் என்றார். ஒரே நிபந்தனை, வருஷா வருஷம் சிந்தூரம் வைக்க வேண்டும், துடைக்கக் கூடாது. நீர் குற்றம் காணாமல் வாங்கிய ஒரே வண்டி அது. அடுத்த ஞாயிறு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பெஹாலாவிலிருந்து காளிகாட் வரை வந்தீர். கிளப்புவதற்குள் உமக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. கடைசிவரை அது உமக்கு முதல் உதையில் கிளம்பியதே இல்லை. ஆனால் இட்லிக் கடை வாசலில் ஒரு ராஜா மாதிரி இறங்கினீர்.

போன வாரம் வந்தவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. காந்தத்தை வைத்துவிட்டு மோந்து பாருங்கள் என்றேன். மோந்தார். நிமிர்ந்தார். பிறகு மறுபக்கம் போய், நீர் திறந்துவைத்த பாதியில் எண்ணைத் தேடிக் கண்ணாடியை மாட்டினார். அவர் குனிவதற்குள் நான் ஆறு இலக்கத்தையும் ஒப்பித்துவிட்டேன். தேதிகளும் பெயர்களும் என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. இது மட்டும் போகவில்லை.

இன்று சிந்தூரம் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது போன் அடித்தது. ஜாமாய்பாபு. மாஷிமா போன பிறகும் பூஜைக் காலையில் அவர் உம்மைக் கூப்பிடுவார், பாதி எண்ணைச் சொல்வார், நீர் மீதியைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவீர், எனக்குத் தெரியும். இந்த வருஷம் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். “பாஞ்ச், ஏக், நொய்” என்றார்.

ஷாத், ஷாத், தீன் என்றேன், டிரைவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக. வண்டி ஓடுகிறதா என்று கேட்டார். போனை எஞ்சின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு உதைத்தேன்.

முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டதுவே.