ஐந்து பக்கத் தரை

அடுத்த வீட்டில் தரை போடுகிறார்கள். ஈரச் சிமெண்டு வாசனை காலையிலிருந்து உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. அவர்கள் போடுவது சதுரக் கல். மதியத்துக்குள் ஓர் அறையே முடிந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் இந்தக் கோபம் மட்டும் போகவில்லை.

மணமேல்குடிக்கு, அம்மா வீட்டில் பிள்ளை பெற நான் புறப்பட்ட அன்று, "நீ புள்ளையோட வர்றப்ப மண் தரை இருக்காது. அஞ்சு பக்கக் கல்லு போட்டு வைக்கிறேன். குளத்தூர்ல யாரு வீட்டுலயும் இருக்காது" என்றீர்கள். தாலுகா ஆபீசில் நாளெல்லாம் கட்டத்துக்குள் எழுதி எழுதி உங்களுக்குச் சதுரமே வெறுத்துப் போயிருந்தது.

ஐந்தாம் மாதம் குழந்தையோடு வந்தேன். அதே மண் தரை, அதே ஓதம். பர்மிட்டுக்கு அலைந்து வாங்கிய சிமெண்டில் பாதி, ஐந்து பக்கக் கல்லாக மூலையில் குவிந்து கிடந்தது. எல்லாப் பக்கமும் சமம், எல்லா மூலையும் சமம், பார்க்க அழகுதான். ஆனால் மூன்று கல்லை ஒரு புள்ளியில் சேர்த்தால் நடுவே ஒரு சந்து விழுந்தது. நான்காவது கல் அதற்குள் நுழையாது. நீங்களோ கல் வார்த்த இரும்பு அச்சில்தான் கோளாறு என்று அதைக் கொல்லரிடம் திருப்பித் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். கடைசியில் அவரே அச்சைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இதுல ஒரு குத்தமும் இல்லீங்க. இன்னும் அரம் போட்டு ராவுனா அச்சே மிஞ்சாது" என்றார்.

குழந்தை அப்போதே குப்புற விழ ஆரம்பித்திருந்தாள். ஓதத்தில் எப்படி இறக்கிவிடுவது? தூளியிலும் இடுப்பிலுமாக வைத்தே என் உடம்பு ஓய்ந்துபோனது. அவளுக்குச் சளி கட்டிய அன்று என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"சதுரமாப் போட்டுத் தொலைங்க! எம்புள்ளைய நான் எங்கிட்டு இறக்கிவிடுறது?"

நீங்கள் பலகையில் ஒரு சதுரம் வரைந்தீர்கள். அதன் தலையில் பக்க அளவு மாறாமல் ஒரு முக்கோணத்தை வைத்தீர்கள். பிள்ளைகள் வரையும் வீடு மாதிரி இருந்தது.

"ஒன் சதுரமும் இருக்கு, என் அஞ்சு பக்கமும் இருக்கு. பக்கம் சமந்தான், மூலைதான் சமமில்ல. அது கெடக்கட்டும்" என்றீர்கள்.

மீதிச் சிமெண்டில் புதுக் கல் அடித்து, ஒரு வரிசையை நிமிர்த்தியும் மறு வரிசையைக் கவிழ்த்தும் வைத்தபோது சந்தே விழவில்லை. மகள் முதலில் தவழ்ந்தது அந்தத் தரையில்தான். நீங்கள் அவளைப் பார்க்காமல் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது அதைச் சுத்தமாக வைத்திருப்பது என் பாடு. கோணல் கோணலாக ஓடும் அந்த இணைப்புகளில் அழுக்குத் தங்குகிறது. குனிந்து துணியால் துடைத்தால்தான் போகும். என் இடுப்பு முன்போல் இல்லை. "ஒரு ஆள வச்சுத் தொடைங்கம்மா" என்கிறாள் மகள். நான் சம்மதிக்கவில்லை. ஊரெல்லாம் உங்களைத் தங்கமான மனிதர் என்று சொல்லி முடித்துவிட்டது. தரை துடைக்கும்போதுதான் என்னால் உங்களை வாய்விட்டுத் திட்ட முடிகிறது.