மெக்கானிக் என்று போட்டு வைத்த நம்பர்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்தே பேய்க்காற்று. எங்கள் பனியன் கம்பெனி முழுக்கப் பஞ்சுத் தூசி. வாங்க வேண்டியது: ஊசி, லேபிள், டீத்தூள்.

பதினோரு மணிக்கு மப்டியில் இரண்டு போலீஸ். சைபர் கிரைமாம். என் ஆதாரில் வாங்கிய ஒரு சிம்மிலிருந்து யாருக்கோ லிங்க் அனுப்பி மோசடி. எங்களிடம் துணி செக்கிங் வேலையில் இருந்த ஒடிசாப் பெண்ணுக்கு நான் வாங்கிக் கொடுத்த சிம். அவளுக்கு லோக்கல் அட்ரஸ் இல்லை. இங்கே எந்தக் கம்பெனியில்தான் வாங்கிக் கொடுக்கவில்லை? பொங்கலுக்கு ஊருக்குப் போனவள், திரும்பவே இல்லை.

"உங்க போனையும் குடுங்கம்மா. பாஸ்வேர்டு?"

சொல்லிவிட்டேன். கேட்டதும் சொல்லிவிட்டேன்! ரசீது கேட்டதற்குச் சிரிப்பு.

10, செவ்வாய்
என் வீட்டுக்காரருக்குச் சிம் கவலை. எனக்கு வேறு.

மகள் சத்யா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய் எட்டு மாதம். எங்கே இருக்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும். "கண்ணுல பட்டா ரெண்டு பேரையும் வெட்டிப்போடுவேன்" என்று இவருடைய அண்ணன் இவர் முன்னாலேயே சொன்னார். இவர் வாயைத் திறக்கவில்லை. அவள் நம்பர் அந்த போனில் 'ஓவர்லாக் மெக்கானிக்', தையல் மெஷின் ரிப்பேர்காரர் மாதிரி. எனக்கு மனப்பாடம் இல்லை. பயந்துகொண்டு எங்கும் எழுதியும் வைக்கவில்லை. பெரிய கெட்டிக்காரி நான்.

பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தா: "ஏனுங்கக்கா, எழுத்துல குடுத்தாத்தான் போனைத் தருவேன்னு சொல்லியிருக்கலாமுங்களே?" இப்போது சொல்கிறார்.

12, வியாழன்
ஸ்டேஷன். இவரும் கூட. எஸ்.ஐ. என் போனை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் மெக்கானிக்கோட என்னம்மா பேச்சு?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். இருபத்து நாலு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. பார்க்கட்டும். என் மானம் போனால் போகிறது, பிள்ளை பிழைத்தால் போதும்.

"மெக்கானிக்தானுங்க. சும்மா பேசுவேனுங்க."

ஸ்டேஷன் ரைட்டர் சிரித்தார். எஸ்.ஐ. நம்பரைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா! மூணு நாளா எங்கம்மா போன? பயந்தே போயிட்டேன்."

"போலீஸ் பேசறேன். யாரும்மா நீ? எந்த ஊரு?"

"சத்யாங்க சார். அவங்க மகளுங்க. வெள்ளகோவிலுங்க, பஸ் ஸ்டாண்டு பின்னாலங்க."

போலீஸ் கேட்டால் சொல்லிவிடுகிறோம். அவளும் என் பிள்ளைதானே.

"அட, மகளா?" என்று எஸ்.ஐ. லைனைக் கட் பண்ணினார். கேஸுக்குத் தேவைப்படவில்லை போல. ஆனால் போனைத் தரவில்லை.

வீடு வரை இவர் வண்டியை வேகமாக ஓட்டினார். வாசலில் என்னை இறக்கிவிட்டார். வண்டியை அணைக்கவில்லை.

"அண்ணன் ஊட்டு வரைக்கும் போயிட்டு வரேன்."

காலில் விழுந்தேன். காலை உதறிவிட்டுப் போனார்.

குமாஸ்தா வீட்டில் போனை இரவல் வாங்கினேன். எந்த நம்பருக்குப் போடுவது? போலீஸுக்கா? இவர் காதுபட ஊரைக் கேட்டு வாங்கியதே அவர்கள்தான்.

கிளம்புகிறேன். வெள்ளகோவிலுக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இவர் அண்ணனிடம் கார் இருக்கிறது.