கைப்பிடியில் பதித்த காசு

10-8-1979, இரவு

இன்று மலை சுற்றும் பாதையில் இருக்கும் அப்பாவின் கைத்தடிக் கடைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். "கைப்பிடியில ராஜா காலத்துக் காசு பதிச்சிருக்கே, எங்கய்யா திருடுன?"

"அசல் இல்லைங்க, பித்தளை. நானே வார்த்ததுங்க."

அவர் நம்பவில்லை. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்.

அப்பா ஒரு காசைப் பெயர்த்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் 'செ' என்று கீறியிருந்தது. "அசல்னு யாரும் வித்துடக் கூடாதுன்னு எல்லாத்துலயும் பொண்ணு பேரெழுத்தப் போட்டுடுவேங்க."

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "உன் பேர் என்னம்மா?"

குரலே வரவில்லை. அப்பா என்னையே பார்த்தார். கடைசியில் "செல்வி!" என்று கத்திவிட்டேன். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்பா இப்போது அந்தக் காசை அரக்கு வைத்து ஒட்டுகிறார். அவர் விளக்கை அணைப்பதற்குள் ஒளித்து எழுதுகிறேன். எத்தனை பேர் என் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மலையைச் சுற்றியிருப்பார்கள்! அப்பா சொன்னதே இல்லை. நாளை அந்தப் போலீஸ்காரர் வந்தால், கேட்பதற்கு முன்பே பேரைச் சொல்லிவிடுவேன்.